நீலக் கயிறு கட்டிய ஜீப்

என் கூட்டாளிக்கு,

இன்று காலை ஜீப்பை வாட்டர் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். நீ பார்த்திருக்க மாட்டாய், திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் ஒருவர் புதிதாகத் திறந்திருக்கிறார். நல்ல மனிதர்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், பானட்டைத் தடவினார், "இந்தக் காலத்துல இப்படி ஒரு வண்டியா பாய்!" என்று வாயைப் பிளந்தார். உள்ளே எட்டிப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துவிட்டார். கையில் பிளேடை எடுத்துக்கொண்டு, "இவ்ளோ சூப்பரா ரெடி பண்ணி வச்சிக்கினு, இது இன்னா பாய், மீன் நாத்தம் அடிக்கிற கயிறு? அறுத்துப் போட்டுடட்டா?" என்றார்.

"கையை எடுய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். என் வாய் உனக்குத் தெரியாததா? பிறகு எனக்கே வெட்கமாகப் போய், அவருக்கும் ஒரு டீ சொல்லி, அந்த நீலக் கயிற்றின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அதனால் மீதியை உனக்கே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். கடைசிப் பகுதி மட்டும் தெரியாது.

காணை கிராமத்தில் அந்தக் கரும்புக்காரரின் மாட்டுக்கொட்டகை ஞாபகம் இருக்கிறதா? விழுப்புரத்தில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் நம் தணிகாசலம்தான் துப்புக் கொண்டுவந்தான். நீ படகு என்ஜின் பார்க்கிறவன், நான் வளைகுடாவில் இருபது வருஷம் மணலில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவன், அவன் தகரம் தட்டுகிறவன். ஒரே லேத் பட்டறையில் அவரவர் வேலைக்காகக் காத்திருந்து பழக்கமான மூன்று பேருக்கு, ஒரு பழைய ஜீப் என்றதும் புத்தி கெட்டுப்போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. போய்ப் பார்த்தால் பானட்டின் மேல் மல்லாட்டைக் கடலைக் கொடி காய்கிறது, பின் சீட்டில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. விலை பேசி முடித்த பிறகும் அந்தப் பெரியவர் வண்டியைத் தரவில்லை. "கோழி எழுந்துக்கட்டும், அப்புறம் எடுத்துக்கினு போங்க" என்றுவிட்டார். குஞ்சு பொரிக்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம். டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி என் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கியபோது என் வீட்டுக்காரி ஹமீதா வெளியே வந்து பார்த்தாள். "வண்டி எங்க? இது அதோட எலும்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. சக்கரங்களைக் கழற்ற வேண்டும். வலது பக்கத்து நட்டுகள் முனகிக்கொண்டே கழன்றன. இடது பக்கம் அசையவில்லை. துரு என்று முடிவுகட்டியவன் நான். ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி அதன்மேல் ஏறி நின்று குதித்தவனும் நான். இரண்டு போல்ட்டுகள் படீர் படீரென்று முறிந்தன. நீ குந்தி உட்கார்ந்து, மூன்றாவது போல்ட்டின் முனையில் இருந்த கிரீஸை உன் லுங்கியால் துடைத்தாய். "பாய், இதுல இங்கிலீஷ்ல எல்லுனு வெட்டிக்கீது, இன்னா அர்த்தம்?" என்றாய். அந்தக் காலத்து ஜீப்புகளில் இடது பக்கத்து மரை எதிர்த்திசையில் இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்! நீ ஸ்பேனரை வாங்கி மறுபக்கம் ஓர் அழுத்து அழுத்தினாய், வழுக்கிக்கொண்டு வந்தது. தணிகாசலம் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நீ சிரிக்கவில்லை. "வுடு பாய், பாலைவனத்துல எல்லாம் ஒரே பக்கம் சுத்தும் போல" என்று மட்டும் சொன்னாய். அதற்கு நீ சிரித்தே இருக்கலாம்.

அப்படி ஐந்து வருஷம், எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! மரக்காணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாய். ஒரு கையில் ஸ்பேனர் பை, இன்னொரு கையில் உன் மனைவி அஞ்சலை கொடுத்தனுப்பிய மீன் குழம்புத் தூக்கு. சேஸிஸை உப்புத்தாளால் தேய்த்தது, கார்புரேட்டரைக் கழற்றி ஹமீதாவின் இட்லித் தட்டில் பாகம் பாகமாக அடுக்கி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது, தணிகாசலம் ஒரு மட்கார்டுக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டது. யாருக்கும் அவசரம் இல்லை. நான்தான் அவ்வப்போது "ஜல்தி, ஜல்தி" என்று கத்துவேன். "கடல்ல போற என்ஜினு பாய் நமக்குப் பழக்கம். நடுவுல நின்னா தள்ளிக்கினு வர முடியாது, பாத்துதான் பண்ணணும்" என்பாய்.

உனக்கும் ஓர் அவசரம் இருந்தது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் குப்பத்தில் உன்னைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வலை பிரிக்காமல், சீட்டு ஆடாமல் பஸ் ஏறிப் போகிறவனை யார் சும்மா விடுவார்கள்? 'தகரத்தைக் கட்டிக்கினவன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். தார் ரோட்டிலிருந்து உன் வீட்டுக்குச் சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போக வேண்டும். முழுக்கப் புதைமணல், கடைசியில் ஒரு மேடு. ஆட்டோ வராது, பைக்கைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். ஒரு நாள் கடுப்பில், மீன் ஏலம் போடுகிற இடத்தில் எல்லோர் முன்னாலும், "அந்த வண்டிய எங்க ஊட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தறேன், அப்ப பேசுங்க" என்று சொல்லிவிட்டாயாம். இதைத் தணிகாசலத்திடம்தான் சொன்னாய். என்னிடம் சொன்னால் அன்றைக்கே கிளப்பிக்கொண்டு போய்விடுவேன் என்று பயந்திருப்பாய்.

என்ஜின் உயிர் பெற்ற பிறகு, வற்றிக் கிடந்த ஏரியில் விட்டுப் பார்த்தோம். முன் சக்கரங்களையும் இழுக்க வைக்கிற லிவர் அங்கேதான் தன் குணத்தைக் காட்டியது. மேடு ஏறி என்ஜின் திணறும்போதெல்லாம் 'டக்' என்று தானே முன்னால் நழுவிவிடும். முன் சக்கரம் சும்மா நிற்கும், பின் சக்கரம் குழி பறிக்கும். கியர் பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றேன். அடுத்த வாரம் நீ ஒரு முழம் நீல வலைக்கயிற்றோடு வந்தாய். முடிச்சுப் போட்ட வளையத்தை லிவரில் மாட்டி, மறுமுனையைப் பின்னால் சீட்டுக் கம்பியில் கோத்து இழுத்தாய். லிவர் அப்புறம் அசையவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. "இவ்ளோ பாடுபட்டு ரெடி பண்ணிட்டு, கயிறு கட்டி ஓட்டறாங்கன்னு ஊரு சொல்லும்டா" என்றேன்.

"கயிறு இல்லாம கட்டுமரமே இல்ல பாய். இந்த முடிச்சு தானா அவுராது, நீ ஒரு இழுவ இழுத்தா அவுந்துரும். எப்புடி?" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாய். அந்த முடிச்சைக் கற்றுக்கொடு என்று எத்தனையோ தடவை கேட்டேன். "அதெல்லாம் தொழில் ரகசியம்" என்று மழுப்பிவிடுவாய்.

பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் நீ போய்விட்டாய். நெஞ்சு வலி என்றார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தொழுகையில் உனக்காக துஆ கேட்டேன், உங்கள் ஊர் அம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன். மூன்று மாதம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் வந்து, நீ ஊரில் விட்ட சவாலைச் சொன்னான். "அவன் வாக்கு அப்படியே நிக்குது பாய்" என்றான். அன்றைக்கே உப்புத்தாளை எடுத்தோம். உன் முதல் வருஷத் திதிக்குள் வண்டி உன் வாசலில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இங்கேதான் நான் செய்த காரியத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்டியைப் பிரித்தேன். ஸ்பிரிங் புதிது, பல்சக்கரம் புதிது, எல்லாம் என் கையால். 'உன் ஜீப் கயிறு கட்டிக்கொண்டா உன் ஊருக்குள் வரும்?' என்று நினைத்துக்கொண்டு நீலக் கயிற்றை அவிழ்த்துக் குப்பையோடு எரித்துவிட்டேன். உனக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக.

திதியன்று விடிந்ததும் நானும் தணிகாசலமும் தோப்பு முனைக்கு வந்துவிட்டோம். பச்சை பெயிண்ட் வெயிலில் என்னமாய் மின்னியது தெரியுமா? பாலைவனத்தில் செய்வதுபோல மணலில் புதையாதபடி நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். ஊர் முழுக்க மேட்டில் வந்து நின்றுவிட்டது. தோப்பைக் கடந்தோம். மணல் சீறியது, என்ஜின் கணீரென்று பாடியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் வீடு கண்ணில் பட்டது. கடைசி மேடு. பாதி ஏறியிருப்போம், 'டக்'.

புது ஸ்பிரிங்காவது, புதுப் பல்சக்கரமாவது. லிவர் நழுவி, பின் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. கூட்டத்தில் யாரோ, "சொன்னோம் இல்ல, தகரம் தகரந்தான்" என்றார்கள். நாலு பேர் சிரித்தார்கள். தணிகாசலம் மண்வெட்டியைத் தேடிக்கொண்டு இறங்கினான். நான் ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வருஷம் நீ வாங்கிய கேலிக்கு நானே முத்திரை குத்திவிட்டேன் என்று தோன்றியது.

அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, நேராகக் குனிந்து லிவரைப் பார்த்தது.

"கயிறு எங்க அண்ணே?"

"அவுத்துட்டேம்மா. புதுசு போட்டதால வேணாம்னு..."

"நான் முடிச்சிப் போட்டுக் குடுத்து அனுப்பன கயித்த நீங்க எதுக்கு அவுத்தீங்க?"

"நீயா? அவன் தன் முடிச்சுனு சொன்னானே!"

"அவருக்கு லுங்கியே இடுப்புல நிக்காது, அவரு முடிச்சிப் போட்டாரா?" என்றது அஞ்சலை. "கியரு நழுவுதுன்னு வந்து பேஜாரு பண்ணிக்கினு இருந்தாரு. மீன் கூடைக்குப் போடற முடிச்சுதான், அளவு கேட்டு நான்தான் போட்டுக் குடுத்தேன்."

பேசிக்கொண்டே வீட்டுக்குப் போய்த் தன் மீன் கூடையில் இருந்த நீலக் கயிற்றை உருவிக்கொண்டு வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது. லிவரில் மாட்டி, சீட்டுக் கம்பியில் கோத்து, ஒரு காலைக் கம்பியில் உதைத்துக்கொண்டு இழுத்தது. பிறகு புடவையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "எடுங்க அண்ணே, வெயிலு ஏறுனா மணல் இன்னும் வுட்டுக் குடுக்கும்" என்றது. தணிகாசலம் சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரி ஒதுக்கினான். சிரித்த அந்த நாலு பேரும் வந்து பின்னால் தோள் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஜீப் ஒரு உலுக்கு உலுக்கி எழுந்தது. நாலு சக்கரமும் கடித்துக்கொண்டு மேட்டில் ஏறி, உன் வாசலில், வேப்பங்கன்றுக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது.

நான் என்ஜினை அணைக்கப் போனேன். "இருக்கட்டும், ஓடட்டும்" என்றது அஞ்சலை. இறங்காமலே எழுந்து நின்று, முன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது: "எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு இல்ல? வந்து நிக்குது, நல்லா பாத்துக்கங்க."

அப்புறம்தான் உட்கார்ந்து அழுதது. நானும் அழுதேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த அழுகையில் பெருமைதான் அதிகம். என் மகன் வேலைக்குச் சேர்ந்தபோதுகூட எனக்கு நெஞ்சு அப்படி நிமிரவில்லை. அன்று முழுக்க உன் குப்பத்து ஆட்கள் அந்த வண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "தகரத்தைக் கட்டிக்கினவன்னு பேர் வச்சதே நான்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அந்த முடிச்சு உன்னுடையது மாதிரி காலரைத் தூக்கிவிட்டாயே, கள்ளப் பயலே. தெரியாமல்தான் மழுப்பியிருக்கிறாய்! கேட்டதும் எனக்கு எவ்வளவு சிரிப்பு வந்தது தெரியுமா? அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் நீதான், நீ இல்லை. அந்த இடம்தான் வலிக்கிறது.

அந்த முடிச்சை அஞ்சலையிடம் கற்றுக்கொண்டுவிட்டேன். கற்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. இடது பக்கத்து நட்டு மாதிரிதான், நான் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் வண்டியில் இருப்பது அஞ்சலை போட்ட முடிச்சு, அதை நான் மாற்றவில்லை. வாட்டர் சர்வீஸ்காரர் கடைசியில் கயிற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் ஒரு பாலிதீன் கவரைச் சுற்றிவிட்டுத்தான் வண்டியைக் கழுவினார். கொட்டகையில் கொண்டுவந்து விட்டதும் கவரைப் பிரித்து, கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது.

உன் பாய்