நீ கேன்சல் பண்ண ஊசி

நைனா,

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு என் ஊசிய கேன்சல் பண்ணது நீதான்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. இன்னா நைனா இது? சொறிஞ்சி சொறிஞ்சி ரத்தம் வர்றது என் கைல. போன மாசம் எனக்கு மூச்சு திணறுனப்போ என்ன ஆட்டோல தூக்கிகினு ஓடுனியே, மறந்துட்டியா? களிம்பு, இன்ஹேலர், மாத்திரை எல்லாம் போட்டு பாத்தாச்சி. இனிமே சொறிக்கும் மூச்சுக்கும் சேத்து ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊசின்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீ இன்னாடான்னா, சாயந்தரம் பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு தெரியக்கூடாதுன்னு ஊசிய நிறுத்திட்டு, முழுக்கை ஜாக்கெட் தெச்சி வெச்சிகீற!

நானே இன்னைக்கே திரும்ப டைம் வாங்கிட்டேன். போட்டுகினு வந்து அவங்க கிட்டயும் சொல்லுவேன்.

கொழம்பு அடுப்பு மேல கீது. சாவி மீட்டர் பொட்டி மேல.

பானு

ஊசின்னா எனக்கு எவ்ளோ பயம்னு உனக்கு தெரியும். பதினோரு மணிக்கு போடுவாங்க. வந்தா ஒண்ணும் பேசாத, கைய மட்டும் புடிச்சிக்கோ.