உங்கள் பதிலை நான் சொன்ன நாள்

எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லியே பழகிய என்னவருக்கு,

குஷாய்குடா வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. என் குடலில் கட்டியாம். அதை எனக்குச் சொல்லவே கூடாது என்று நம் ரவி டாக்டரம்மாவிடம் என் எதிரிலேயே தெலுங்கில் கெஞ்சினான். இத்தனை வருஷம் ஹைதராபாத் சந்தையில் பேரம் பேசியவளுக்குத் தெலுங்கு தெரியாதா? பயத்தில் பிள்ளைக்கு அதுகூட மறந்துவிட்டது.

எனக்குக் கை கால் சில்லிட்டது. கோபமும் வந்தது. எதுவானாலும் என்னிடமே சொல்லுங்கள் என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன். "அம்மா, டென்ஷன் நக்கோ, கவலைப்படாதே" என்று ரவி என் தோளைப் பிடித்தான்.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழி உண்டு. ஆனால் என் இதயம் தாங்காமல் தியேட்டரிலேயே உயிர் போகவும் கூடும். செய்யாவிட்டால் வலியில்லாமல் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்வார்கள். முடிவு என்னுடையது என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? யோசிக்கவே இல்லை. "அவர் டயாலிசிஸே வேண்டாம்னு சொன்னவர். எனக்கும் ஒண்ணும் வேண்டாம்" என்றேன். புடவைக் கடையில் நிறம் கேட்டாலும் உங்கள் முகத்தைப் பார்த்தவள்தானே நான். ரவி அழ ஆரம்பித்தான்.

போன வருஷம் நீங்கள் போகும்வரை உங்களுக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டரம்மாதான். அவர் விடவில்லை. "அது சார் தனக்காகச் சொன்ன பதில். உங்க பதில் என்னம்மா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அப்போதும் உங்களைத்தான் நினைத்தேன். அன்றைக்கு உங்கள் தம்பி எவ்வளவு கெஞ்சியும் நீங்கள் அசையவில்லை. உங்கள் உடம்பு, உங்கள் இஷ்டம் என்று நானும் உங்கள் பக்கம்தான் நின்றேன். அதற்காக நானும் உடனே கிளம்பி வருவேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? நீங்கள் இல்லாமலும் வாழ ஆசைப்பட்டால், உங்கள் மேல் எனக்கு அன்பு குறைந்துவிட்டது என்று ஆகிவிடுமா?

ரவியின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில், "ஆபரேஷன் பண்ணுங்க. எனக்கு இன்னும் இருக்கணும் போல இருக்கு" என்றேன். அவன் அழுததற்காகச் சொல்லவில்லை.

நாளைக் காலையில் ஆபரேஷன். பயமாகத்தான் இருக்கிறது. பிழைத்து வந்தால் தினமும் உங்களை நினைப்பேன், சத்தியம். ஆனால் அங்கே வர அவசரப்பட மாட்டேன்.

உங்களைக் காக்க வைக்கப்போகிற
உங்கள் மனைவி,
கமலா