மூணு அங்குலம்

அன்புள்ள பெரியவனுக்கு,

ஆண்டவன் புண்ணியத்துல நீ அங்க நல்லா இருப்ப. இங்க நாங்களும் சுகம்னு எழுதத்தான் உக்காந்தேன், ஆனா சுகமா இல்லையான்னே எனக்குப் பிடிபடல. உன் தங்கச்சிக்குப் போன வாரம் வழக்கம்போல ரத்தம் ஏத்தியாச்சு, அதுல ஒண்ணும் குறையில்ல. ஆனா பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குப் பாடம் வாசிச்சுக் காட்டறப்ப பாதி வரியில நின்னுடறாளாம், இவ மூச்சு இழுக்கறதுக்குள்ள அந்த வாண்டுங்க மீதி வரியக் கோரஸாச் சொல்லி முடிச்சிருதுங்களாம். இதச் சொல்லிட்டு அவளே சிரிக்கறா. டாக்டரம்மாகிட்டச் சொன்னதும் நுரையீரலுக்கு டெஸ்ட் எழுதினாங்க. ரத்தத்துல வியாதி, நுரையீரல எதுக்கு நோண்டணும்னு கேட்டேன். காலமெல்லாம் ஏத்தற ரத்தத்துல இருக்கற இரும்பு உடம்புல அங்கங்க தங்கிடும்மா, தலசீமியா உள்ளவங்களுக்கு நுரையீரல் முழுசா விரியாமப் போறதும் உண்டு, இரும்புதான் காரணமான்னு எங்களுக்கே இன்னும் தீர்மானமாத் தெரியலன்னாங்க. படிச்சவங்களுக்கே தெரியலன்னா நான் யாரப் போய்க் கேக்கறது? சளி இல்ல, இருமல் இல்ல, ஆக்ஸிஜன் பாக்க விரல்ல மாட்டற கிளிப்பும் தொண்ணூத்தேழுன்னு நல்லாத்தான் காட்டுது.

மூக்க அடைச்சு, குழாய வாயில வச்சு, ஊது ஊது இன்னும் ஊதுன்னு டெஸ்ட் எடுக்கற பொண்ணு கத்தின கத்துல நானும் சேர்ந்து ஊதிட்டேன். ஐம்பத்தெட்டுன்னு வந்துச்சு. சரி, பொண்ணு பாஸுன்னு நான் மாடிவீட்டு டெய்லரம்மா வரைக்கும் சொல்லிட்டேன். அப்புறம்தான் தெரியுது, அது மார்க்கே இல்லையாம், அவ வயசுக்கும் உயரத்துக்கும் எவ்வளவு காத்து ஊதணுமோ அதுல நூத்துக்கு ஐம்பத்தெட்டு பங்குதானாம். வேலைய நிரந்தரமாக்கப் பள்ளிக்கூடத்துல கேட்ட உடல்நலச் சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போடாம நிறுத்திட்டாங்க டாக்டரம்மா. மூணு வருஷமா இதுக்குத்தானேடா காத்திருக்கா.

உயரம்னு காதுல விழுந்ததுமே நான் செஞ்ச தப்பு எனக்குப் பிடிபட்டுடுச்சு. அன்னிக்கு உயரம் அளக்கற கம்பி உடஞ்சு கிடந்துச்சு, எவ்வளவு உயரம்மான்னு அந்தப் பொண்ணு கேட்டா, நான் பழக்க தோஷத்துல அஞ்சடி ரெண்டுன்னுட்டேன். கல்யாணத் தரகர்கிட்ட அப்படித்தானே சொல்லிட்டு வரேன். உன் தங்கச்சி நாலடி பதினொண்ணுதான்னு உனக்கே தெரியும். நேத்து தனியாப் போய் அந்தப் பொண்ணுகிட்ட ஒத்துக்கிட்டேன். அவ தலையில அடிச்சுக்கிட்டுக் கணக்குப் போட்டு, அறுபத்தஞ்சு கிட்ட வரும், ஆனாலும் குறைச்சல்தான், சரியா அளந்து மறுபடி எடுக்கணும்னா. உயரத்தக் குறைச்சா ஊத வேண்டிய காத்தும் குறையுதாம், அதனால நம்பர் ஏறுதாம், ஆனா மூச்சு அதே மூச்சுதானாம். இது என்ன கணக்குடா? நான் சந்தோஷப்படணுமா, அழணுமா?

வீட்டுக்கு வந்து உன் தங்கச்சிகிட்டயும் சொல்லி அழுதேன். பிள்ளைங்க நோட்டத் திருத்திக்கிட்டே, எனக்கு அன்னிக்கே தெரியும் சித்தி, பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்னா. அப்ப ஏண்டி வாயத் திறக்கலன்னேன். உங்களத் திருத்தறதுக்கு மூச்சு வேணாமான்னா. கிண்டலா நிஜமான்னு மூஞ்சியப் பாத்தேன், குனிஞ்சுக்கிட்டா. உங்கம்மா என் கையில ஒப்படைச்சுட்டுப் போன பொண்ணு, அவ சொல்றதே எனக்குப் புரியலன்னா நான் என்ன வளத்தேன்?

நீ வேளைக்குச் சாப்பிடு. மறுபடி சொல்றேன், உங்கம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் ஒளிஞ்சிருந்த குறைதான் சேர்ந்து இவளுக்கு வந்துச்சு, உனக்குள்ளயும் பாதி இருக்கலாம், பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடி ரத்தத்தப் பாத்துடு. ஆண்டவன் உன்னக் கைவிட மாட்டான், நூறு வருஷம் நல்லா இரு. திங்கக்கிழமை அவளுக்கு மறுபடி டெஸ்ட். என்னைய உள்ள வர வேணாம்னுட்டா. வெளியில பெஞ்சுல உக்காந்து நம்பர் ஏறணும்னு வேண்டறதா, என்னன்னு வேண்டறதுன்னே எனக்குத் தெரியல. நீயாவது அங்கேர்ந்து சரியாப் பாத்து ஒண்ணு வேண்டிக்கோடா.

உன் சித்தி