மகள் நேரத்துக்கு வந்துவிடும் நாடகம்

செப்டம்பர் 5, 1996, வியாழன்

நூலகத்தில் முதல் வகுப்பு. பன்னிரண்டு வாரம், ஒரே ஒரு நாடகம். லாலிதான் இழுத்துக்கொண்டு போனாள். "வீட்ல உக்காந்து டிவியத் திட்டறதுக்கு இங்க வந்து மனுசங்களத் திட்டுடி. அவங்களாவது பதில் சொல்லுவாங்க." முப்பது வருடம் பள்ளிச் சமையலறையில் கரண்டி பிடித்த எனக்கு நாடகம் எதற்கு என்று கேட்டேன், காதில் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் நான்கு பெண்களின் கதை. நம்மைப் போன்ற தென்மாநிலப் பெண்களாம். அதில் டெல்லா என்பவள் சாகக் கிடக்கிறாள், ஜோ என்ற தோழிக்கு மட்டும் அது தெரியும். பாடம் எடுக்கிற மிஸ் ஹாஸ்கெல் வடக்கே ஓஹையோவிலிருந்து வந்தவள், வயது முப்பது. எங்களுடைய மன உறுதியைப் பற்றி எங்களுக்கே கேள்வித்தாள் கொடுத்திருக்கிறாள்.

போன வாரம் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை லாலி திருப்பித் தந்தாள், உள்ளே ஒரு ஜாடி அத்திப்பழ ஜாம். இந்த ஊரில் யாரும் வெறும் பாத்திரத்தைத் திருப்புவதில்லை. நாலு பீக்கன் கொட்டையாவது போட்டுத் தருவார்கள். 1971-இல் தேவாலயப் பாடகர் குழுத் தகராறில் லாலி ஒருமுறை வெறும் பாத்திரத்தை அனுப்பினாள். அதன்பின் எட்டு மாதம் எங்களுக்குள் பேச்சே இல்லை.

செப்டம்பர் 12

லாலி டெல்லாவாக வாசிக்கிறாள், நான் ஜோ. எங்கள் தேவாலயத்து ஓமா ஜீன் மேற்பார்வைக்காரியாக வாசிக்கிறாள், வாயில் எப்போதும் சூயிங் கம். லாலி விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

செப்டம்பர் 26

இன்று சிரிக்காமலே விலாவைப் பிடித்துக்கொண்டாள். பச்சை உடுப்பு தோளில் நிற்கவில்லை, நழுவுகிறது. கேட்டால், "உன் சமையலச் சாப்பிட்டா யாருதான் இளைக்க மாட்டா?"

அக்டோபர் 4, வெள்ளி

மாண்ட்கோமரிக்குக் கார் ஓட்டச் சொன்னாள். துணைக்கு என்றாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். கணையத்தில் புற்று. நாலு மாதம். மருந்து ஏற்றினால் ஆறு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"காரின்கிட்ட சொல்லாத, வில்லி."

காரின் அவளுடைய ஒரே மகள். பர்மிங்ஹாமில் இருக்கிறாள், நாலரை மணி நேரப் பயணம். இரண்டு கரு கலைந்து, இப்போது ஆறாம் மாதம். ஜனவரியில் பிரசவம்.

"புள்ள பொறக்கட்டும். அப்புறம் நானே சொல்லுறேன். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஏன் பண்ணினேன்? அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் எவளும் பண்ணியிருப்பாள்.

அக்டோபர் 10

ஏழாவது கேள்வி: ஜோ கடைசிவரை ரகசியத்தைக் காத்தது நட்பின் உச்சம் எனலாமா?

எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஓமா ஜீன் அழுதுவிட்டாள். நானும் ஆமாம் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து லாலி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், நல்ல பிள்ளை என்பதைப் போல.

அக்டோபர் 20, ஞாயிறு

நான் லாலி வீட்டில் இருந்தபோது காரின் போனில் கூப்பிட்டாள். லாலி எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக் குரலைச் சரிசெய்துகொண்டுதான் பேசினாள். நாலு நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. போனை என்னிடம் நீட்டினாள்.

"வில்லி சித்தி, அம்மா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"சளிம்மா. ஊரெல்லாம் சளி."

எவ்வளவு சுலபமாக வருகிறது!

நவம்பர் 7

டெல்லாவின் கடைசிக் காட்சி. டெல்லா கட்டிலில் கிடக்கிறாள், கதவு திறக்கிறது, மகள் ஓடி வருகிறாள். "பார் டெல்லா, உன் மகள் வந்துவிட்டாள்" என்று ஜோ சொல்ல வேண்டும். லாலி நாற்காலியில் சாய்ந்தபடி மெல்லிய குரலில் வாசித்தாள். மிஸ் ஹாஸ்கெல் கையைக் கட்டிக்கொண்டு, "எவ்வளவு இயல்பா இருக்கு! மத்தவங்களும் இப்படி மூச்ச விட்டு விட்டு வாசிங்க" என்றாள்.

காரில் வரும்போது லாலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அறுபத்து மூணு வயசுல நடிகை ஆயிட்டேன் பாத்தியா!" எனக்கு ஸ்டியரிங்கை உடைத்துப் போடலாம் போல் இருந்தது.

நவம்பர் 19, செவ்வாய்

வீட்டுக்கு வரும் நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, ஜனவரி வரை தாங்காது என்றாள்.

லாலியிடம் நேராகவே கேட்டேன், "அவளக் கூப்பிடட்டுமா?"

"கடைசி வாரம் கூப்பிடு. வந்துருவா. அந்தப் பொண்ணு வந்தாள்ல?"

"எந்தப் பொண்ணு?"

"டெல்லா மக."

கோபம் வந்துவிட்டது. கத்திவிட்டேன். "அடியே, அத எழுதுனவன் திரை எறக்கணும்னு அவளக் கொண்டாந்து விடுறான்டி! உனக்கு யாரு எழுதுறா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கீரையைச் சூடு பண்ணப் போய்விட்டேன். கடைசி வாரம் என்பது எதுவென்று எப்படித் தெரியும்? காலண்டரிலா போட்டிருக்கிறது?

நவம்பர் 28, நன்றி நவிலல் நாள்

காரின் வருகிறேன் என்றாள். லாலிதான் வேண்டாமென்றாள். இந்த முறை மாமியார் வீட்டில் இருந்தால்தான் முறை, அவ்வளவு தூரம் காரில் வந்தால் வயிறு குலுங்கும், அது இது என்று. நான் பக்கத்தில் நின்று டெலிபோன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். குனிந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "வாம்மா." அவ்வளவுதான். ஒரே வார்த்தை.

சொல்லவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

காலையில் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இன்றைக்குத்தான் என்றாள். ஒன்பது பத்துக்குக் காரினைக் கூப்பிட்டேன். "அம்மாவுக்கு முடியல, வாம்மா" என்றேன். "கெளம்பிட்டோம்" என்றாள்.

லாலி மூன்று முறை கேட்டாள், "வந்துட்டாளா?" வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். மூன்றாவது முறை "வந்துட்டாடி" என்று பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். அந்தப் பொய் மட்டும் வரவில்லை.

ஒன்று பத்துக்கு மூச்சு நின்றது. ஒன்று ஐம்பதுக்குக் கார் வந்தது.

நாற்பது நிமிடம்.

வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு படியேறினாள். அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"எப்ப இருந்து தெரியும்?"

"அக்டோபர்."

"ரெண்டு மாசம். ஞாயித்துக்கிழமை தவறாம உங்ககிட்டயும் பேசுனேன், சித்தி."

"உங்கம்மா சத்தியம் வாங்கிட்டாம்மா. உனக்கு எதாவது ஆயிருமோன்னு…"

"நான் புள்ளத்தாச்சி. கண்ணாடிப் பாத்திரம் இல்ல."

 

டிசம்பர் 5

அடக்கம் முடிந்தது. லாலி வீட்டு மேசையில் ஊரார் சாப்பாடு கொண்டுவந்த பதினேழு பாத்திரம், ஒவ்வொன்றின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. என்னுடையது கோழியும் சோறும் சேர்த்துச் சுட்டது. லாலிக்குப் பிடித்தது. இனி அவளுக்குப் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன.

டிசம்பர் 9

காரின் ஊருக்குக் கிளம்பும் முன் அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாத்திரங்களைக் கொடுத்திருக்கிறாள், ஒவ்வொருவருக்கும் நன்றிச் சீட்டு எழுதி. துக்க வீட்டிலிருந்து வேறு எதுவும் வைத்துத் தர வேண்டியதில்லை, சீட்டே போதும்.

என்னுடையது வாசல்படியில் இருந்தது. கதவைத் தட்டவில்லை. சீட்டு இல்லை. தூக்கினேன், கனத்தது. மேலே சுற்றிய தாளைக்கூடப் பிரிக்கவில்லை. நான் கொடுத்தபடியே, முழுசாக.

வெறும் பாத்திரத்துக்கு எட்டு மாதம் என்றால் நிறைந்த பாத்திரத்துக்கு எத்தனை?

ஜனவரி 11, 1997

மருந்துக்கடையில் ஓமா ஜீன் சொல்லித்தான் தெரியும். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். யூலாலி என்று லாலியின் முழுப் பெயரையே வைத்திருக்கிறாள்.

இருமல் மருந்து வாங்கப் போனவள், வாங்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

லாலியின் நினைவாக நாடகத்தை ஊர் முன்னால் வாசித்தோம். மிஸ் ஹாஸ்கெல் கெஞ்சினாள், அவளுக்கும் தாங்க முடியாத வருத்தம்தான். டெல்லாவுக்கு ஓமா ஜீன். கடைசிக் காட்சி வரை ஓட்டிவிட்டேன். கதவு திறந்தது. மகளாக வந்த பெண் ஓடி வந்து நின்றாள். சரியாக நேரத்துக்கு.

"பார் டெல்லா…"

அதற்கு மேல் வரவில்லை. ஓமா ஜீன் கட்டிலில் கிடந்தபடியே எடுத்துக் கொடுத்தாள். எனக்கு வரி தெரியாமல் இல்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பின்வழியாக இறங்கி வந்துவிட்டேன். எத்தனை முறை வாசித்தாலும் அவள் வந்துவிடுகிறாள், சனியன் பிடித்தவள்.

மார்ச் 6, வியாழன்

ஓமா ஜீன் வந்தாள். என் சமையலறையில் உட்கார்ந்து ஐஸ் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. மார்பில் கட்டி. ஊசி குத்திப் பார்த்துவிட்டார்கள், அதேதான். உடனே வெட்டி எடுக்க வேண்டுமாம். கோடைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

"டெரலுக்குத் தெரியக் கூடாது. பெண்டாட்டி போனதுலயே பாதி ஆளாயிட்டான்."

டெரல் அவள் மகன். மொபீல் நகரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை.

"என்கிட்ட ஏண்டி சொல்ற?"

"வேற யாருகிட்ட சொல்ல? இந்த ஊர்ல வாயத் தொறக்காதவ நீ ஒருத்திதான். லாலிக்கு எப்படி நின்ன!"

புகழ்ந்துதான் சொன்னாள். எழுந்து கையைக் கழுவினேன். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ சொல்லு. இல்லன்னா திங்கக்கிழமை நான் சொல்லிருவேன்."

சிரித்தாள். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். அவள் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத மாட்டேன். கம்மைத் துப்பி என் மேசையில் ஒட்டிவிட்டுப் போனாள்.

மார்ச் 10, திங்கள்

அவள் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்கு டெரலைக் கூப்பிட்டுச் சொன்னேன்.  "சொன்னதுக்கு…" என்று ஆரம்பித்தான். முடிக்க முடியவில்லை அவனால்.

மார்ச் 12

தேவாலயத்தில் ஓமா ஜீன் என்னைக் கண்டதும் வேறு வரிசைக்குப் போய்விட்டாள். இனி யாரும் என்னிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள். போகட்டும்.

மார்ச் 15

ஓமா ஜீன் வீட்டு முற்றத்தில் டெரலின் வண்டி நிற்கிறது. கோழியும் சோறும் செய்து வாசல்படியில் வைத்தேன். அதே பாத்திரம்தான், வேறு இல்லை. தட்டாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

வியாழக்கிழமை மொபீலில் ஆபரேஷன். டெரல் போன் பண்ணிச் சொன்னான். அவன் அம்மா பின்னாலிருந்து கத்தினாள், "அவகிட்ட என்னடா பேச்சு?"

சாயங்காலம் வாசலில் பாத்திரம் இருந்தது. கழுவித் துடைத்து, அடியில் என் பெயரோடு. உள்ளே ஒரு பீக்கன் கொட்டைகூட இல்லை. வெறும் பாத்திரம்.

மூலையில் ஒட்டிய காந்தலைக்கூடச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டிருக்கிறாள்.