பிரஸ்ஸில் அடங்காத பலகை

பிப்ரவரி 3, செவ்வாய்

மரப்பலகையில் செதுக்கி அச்செடுக்கும் வகுப்பு. உளி வழுக்கி என் குதிரைக்கு ஒரு காது போய்விட்டது. போகட்டும். நாற்பத்தாறு வயதில் கல்லூரிக்கு வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு கவலையா! விரல் வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டே செதுக்கினேன்.

கவலை வேறு. வராந்தாவில் மகள் எதிரே வந்தாள், யாரோ மாதிரிப் போனாள். இங்கேதான் வணிகவியல் படிக்கிறாள். நான் சேர்ந்த அன்றே பேசி வைத்ததுதான்: "காலேஜ்ல நீ யாரோ, நான் யாரோ. சரியாம்மா?" நானும் தலையாட்டினேன். ஆனாலும் சுருக்கென்றது.

பிப்ரவரி 6

வகுப்பே சேர்ந்து செதுக்கிய பெரிய பலகை முடிந்தது. கட்டில் அகலம். அச்சு பிரஸ்ஸுக்குள் நுழையவே இல்லை! அளக்காமல் செய்த புத்திசாலிகள் — நானும்தான். கண்காட்சி வேறு நெருங்குகிறது. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "முற்றத்துல போடுங்க. மிதிச்சே எடுத்துடலாம்."

பிப்ரவரி 9

மிதித்தோம்! பலகையில் மை, அதன் மேல் தாள், அதற்கும் மேல் கம்பளி. பிள்ளைகள் எல்லாம் ஊதினால் பறக்கிற உடம்பு. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அச்சு வெளிறிக் கிடக்கிறது. எல்லாக் கண்ணும் என் கனத்த உடம்பின் பக்கம். கேட்கத்தான் அவர்களுக்குக் கூச்சம்.

"என்ன பாக்குறீங்க? நகருங்க!" செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். யாரோ போனில் பாட்டு வைத்தார்கள். மிதித்தேனா ஆடினேனா தெரியாது. கூட்டம் கூடிக் கைதட்டியது. "அத்தை, இந்த மூலை! அத்தை, என் மீன் மேல ஒரு மிதி!" தாளை உரித்தோம் — கன்னங்கரேலென்று அப்படி ஒரு கறுப்பு!

அப்போதுதான் கூட்டத்தில் மகளைப் பார்த்தேன். திரும்பிப் போய்விட்டாள். ஐயோ, ஏன்தான் ஆடித் தொலைத்தேன்?

வீட்டில் சாப்பிடும்போது சொன்னாள்: "என் ஃப்ரெண்ட்ஸெல்லாம் உன் வீடியோவத்தான் பாத்துட்டிருக்காங்க. செம ஆன்ட்டியாம்."

"யாருன்னு சொன்னியா?"

தட்டைக் கழுவ எழுந்துவிட்டாள்.

பிப்ரவரி 10

மதியம் முற்றத்தில் தாள்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். மாடி வராந்தாவிலிருந்து ஒரு சத்தம். தோழிகள் புடைசூழ மகள், கையில் என் டிபன் டப்பா.

"அம்மா! சாப்பாட்ட மறுபடியும் வச்சிட்டு வந்துட்டியே! உனக்கு எத்தன தடவ சொல்றது?"

கல்லூரியே திரும்பிப் பார்த்தது. ஜென்மத்தில் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. "இதோ வரேன்டி!" என்று நானும் கத்திவிட்டு, மை அப்பிய கையோடு மாடிக்கு ஓடினேன்.