ஸ்டெல்லா தொட்ட கம்பி

12.8.2004, வியாழன், போடி

கிதார் சத்தத்தைக் கூட்ட நானே செய்த பூஸ்ட் பெட்டிக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி போதவில்லை. இன்று அதைக் கழற்றிவிட்டு, பழைய டிரான்ஸ்பார்மரை உள்ளே வைத்து வீட்டுக் கரண்டில் ஓட்டினேன். சத்தம் அள்ளியது. வயர் தகரப் பெட்டியில் உரசி, கிதார் கம்பி வரை கரண்ட் வந்திருக்கிறது. ரப்பர் செருப்போடு வாசித்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

காபி கொண்டுவந்த என் மனைவி ஸ்டெல்லா ஈரக் காலோடு கிதார் கம்பியைத் தொட்டாள். தூக்கி எறிந்துவிட்டது. அவளுக்கு ஏழாம் மாதம்.

"பிள்ளைத் துடிப்பு நல்லாருக்கு, பயப்படாதீக" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ். ஆனால் வீடு வந்தும் பிள்ளை அசையவில்லை.

"என்னமும் ஆயிருமோங்க?" என்று கேட்டுக் கேட்டே தூங்கிப்போனாள்.

அவள் வயிற்றில் இடக்கையை வைத்தபடி எழுதுகிறேன். இப்போது ஏதோ புரண்டது. பிள்ளையா, என் கை நடுக்கமா, தெரியவில்லை. எழுப்புகிறேன்.