அரை வாட்டில் ஓர் அழைப்பு

ஜனவரி 4, ஞாயிறு

டப்பா ஒருவழியாகப் பேசிவிட்டது. பிஸ்கட் டப்பாவுக்குள் ஒன்பது டிரான்சிஸ்டர், ஒரு கிரிஸ்டல், வெளியே போகும் சக்தி மொத்தம் அரை வாட். டார்ச் பல்புகூட இதைவிட அதிகம் தின்னும். காலை ஆறே முக்காலுக்குத் தச்சர் மாட்டினார். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி மரப்பட்டறைக்குள்ளேயே ரேடியோ வைத்திருக்கும் மனுஷர். முகம் பார்த்ததில்லை, மோர்ஸில் மட்டும்தான் பழக்கம். சத்தம் ஏறி இறங்கியது. தூரத்துச் சத்தம் எல்லாம் அப்படித்தான், வானத்தில் பட்டுத் திரும்புவதால் மங்கும், பிறகு எழும்பும். கடைசியில் அவர் "டிட் டிட்" என்றார், நானும் "டிட் டிட்". போய் வரேன் என்பதற்கு எங்கள் ரேடியோ ஆட்களின் வழக்கம் அது.

ஏழு வருஷம் கழித்து இதைத் தொட்டதற்குக் காரணம் என் பொண்டாட்டி. பரணை ஒழிக்கும்போது பெட்டியைத் தூக்கி முன்னால் வைத்து, "ஒண்ணு கட்டு, இல்ல கடாசு" என்றாள். பகலெல்லாம் லேபில் பல் செட் கட்டுகிறவன், மிச்ச நேரத்தில் இதைக் கட்டினேன்.

அலைவரிசையை நிர்ணயிக்கும் அந்தக் கிரிஸ்டல் அண்ணன் கொடுத்தது. இரட்டையாக வாங்கி ஒன்றைத் தன் ரேடியோ செட்டில் போட்டுக்கொண்டு ஒன்றை என்னிடம் தந்தான். இரண்டும் ஒரே அலைவரிசை, ஒரு மயிரிழை தள்ளாது.

ஜனவரி 7, புதன்

காலை ஆறு பத்து. தச்சர் இல்லை, வேறு யாரும் இல்லை. இரைச்சலுக்கு அடியில் ஒன்று — ரொம்ப மெல்லிசாக. பொதுவாக யாரையும் கூப்பிடும் அழைப்பு. டா-டிட்-டா-டிட், டா-டா-டிட்-டா. அந்தக் கடைசி டாவை இழுத்த இழுப்பு.

அப்படி இழுக்கிறவன் ஒருத்தன்தான். பின்னாடியே அவன் கால்சைனும் வந்தது, ரேடியோவில் அவனுக்கு மட்டுமே உரிய அடையாள எழுத்து.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணி குடித்தேன். 

ஜனவரி 8

மறுபடி. ஆறு பத்து.

ஜனவரி 10, சனி

யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது எழுதுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன் தினமும் காலை ஆறு பத்துக்கு அண்ணன் அவன் வீட்டிலிருந்து தட்டுவான், நான் இங்கிருந்து பதில் தருவேன். ஊருக்கு இந்தக் கோடியும் அந்தக் கோடியும். ஒருநாள் நான் ஈயம் வைத்துப் பற்றவைத்ததைப் பார்த்துவிட்டு, "இது ஜாயிண்ட்டா காக்கா எச்சமா?" என்றான், நாலு பேர் முன்னால். எனக்கு மூக்கு மேல் கோபம். மூணு நாள் அவன் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாளும் கூப்பிட்டான். அன்றும் பதில் தராமல் விட்டேன். அன்று எட்டு மணிக்கு, ஈயக்கம்பி வாங்கிட்டு வரேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. பற்றவைக்கும் கோல் அப்படியே சூடாக இருந்ததாம்.

போலீஸ், ஆஸ்பத்திரி, பேப்பர் விளம்பரம், எல்லாம் பார்த்தாச்சு. பிப்ரவரி 19 வந்தால் ஏழு வருஷம். அண்ணியும் நானும் ஆளுக்கொரு பத்திரத்தில் "இதுவரை அவரிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டால், கோர்ட் அவனை இறந்தவன் என்று சொல்லிவிடும். அண்ணி மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொள்ளலாம். நல்ல மனுஷர், நாலு வருஷமாகக் காத்திருக்கிறார்.

இப்ப நான் எப்படி எழுதுவேன், தகவல் இல்லைன்னு?

ஜனவரி 11, ஞாயிறு

இன்று பதில் கொடுத்தேன். அவன் கால்சைன், பிறகு என்னுடையது. சத்தம் சட்டென்று நின்றது. பத்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு மறுபடி அதே அழைப்பு, அதே கால்சைன். ஆனால் இந்த முறை கை தடுமாறியது. அண்ணன் கை தடுமாறி நான் கேட்டதே இல்லை.

எங்கே இருக்கே என்று கேட்டேன். அதே அழைப்பு. யார் நீ என்று கேட்டேன். அதே அழைப்பு. ஆறு இருபத்தைந்து வரை தன்னையே சொல்லிக்கொண்டிருந்துவிட்டு அணைந்துபோனது. என் கேள்வி அதற்குக் கேட்கிறது, ஆனால் புரியவில்லை. எதுடா அது?

நேற்றுச் சாயங்காலமே அண்ணி போன் பண்ணியிருந்தார். "வக்கீல் கேட்கிறார் தம்பி, என்னைக்கு வர்றீங்க?" வேலை ஜாஸ்தி என்று சமாளித்தேன்.

ஜனவரி 14, புதன்

என் பொண்டாட்டியிடம் சொல்லிவிட்டேன். ஊற்ற வந்த குழம்பை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காதுல விழுந்துச்சா, மனசுல விழுந்துச்சா?"

நாளைக் காலை எழுப்பிக் கேட்க வைக்கிறேன் என்றேன். "எனக்கு அந்தக் கீச்சு எல்லாம் ஒண்ணுதான். ஆனா அண்ணிகிட்ட மட்டும் இதை உளறி வச்சிடாதீங்க. பாவம், இப்பத்தான் கரையேறப் போறாங்க."

ஜனவரி 16

தினமும் பதில் தருகிறேன். தினமும் அது ஒரு கணம் நின்று, தன் பெயரையே திருப்பிச் சொல்கிறது. இன்று பயத்தில் கேள்வி எல்லாம் கேட்கவில்லை. மன்னிச்சிடு என்று மட்டும் தட்டினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

அண்ணி இப்போதெல்லாம் கையெழுத்து பற்றிக் கேட்பதே இல்லை. நல்லதாகப் போயிற்று.

மத்தியானம் லேபுக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார். அரைத்துக்கொண்டிருந்த கடைவாய்ப்பல்லை வைத்துவிட்டு எழுந்தேன். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "பத்து நாளா அவங்க என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. என்ன தப்பு பண்ணினேன்னு தெரியலை. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டா நான் ஒதுங்கிக்குவேன். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்றேன். அது நிஜம்தான். ஆனாலும் அவர் படியிறங்கிப் போனபோது எனக்கு வாய் கசந்தது.

ஜனவரி 22, வியாழன்

தச்சரிடம் விஷயத்தைப் பாதி மறைத்துச் சொன்னேன். ரொம்ப மெல்லிய சத்தம், எந்தத் தேசத்திலிருந்தோ தெரியவில்லை என்று. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மங்குதா?

 பதினைந்து நாளாகக் கேட்கிறேன். ஒரு தடவைகூட மங்கவில்லை. எழும்பவும் இல்லை. ஆணி அடித்த மாதிரி ஒரே நிலை.

அப்படியென்றால் வானத்தில் பட்டு வரவில்லை. தரையோடு வருகிறது. மெல்லிசாகக் கேட்டால் தூரம் என்று நினைப்பது எங்கள் ஆட்களுக்கே உரிய புத்தி. சின்ன சக்தியில் தூரம் பிடிக்கிற பைத்தியம் முற்றி, பக்கத்தில் ஒருத்தன் ஆன்டெனா இல்லாமல் முனகலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஊரிலேயே இருக்கிறான்.

ஜனவரி 24, சனி

உடைந்த கேரம் போர்டுச் சட்டத்தில் கம்பியைச் சுற்றி ஒரு வளையம் செய்தேன். அதைத் திருப்பினால் ஒரு பக்கத்தில் சத்தம் செத்துப்போகும், அந்தத் திசையில்தான் ஆள். வளையத்தைப் பிடிக்க ஒரு கை, டப்பாவுக்கு ஒரு கை, அதனால் பதில் தரவில்லை. வரைபடத்தில் ஒரு கோடு போட்டேன்.

ஜனவரி 25

ஊரின் மறு பக்கம், லேப் மொட்டை மாடியிலிருந்து இரண்டாவது கோடு.

இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பார்த்துவிட்டு வரைபடத்தை மடித்து வைத்துவிட்டேன். தப்பாக இருக்கும். கோணம் தப்பு, இல்லையென்றால் என் கண் தப்பு.

ஜனவரி 26

மறுபடி போட்டேன். அதே இடம்.

ஜனவரி 27, செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

டப்பா தோள்பையில், காதில் ஹெட்போன், கையில் கேரம் சட்டம். ஆறு ஐந்துக்கெல்லாம் அந்தத் தெருமுனையில் நின்றேன். பால்காரர் என்னைப் பார்த்துவிட்டு சைக்கிளை ஓரமாக ஓட்டினார். ஆறு பத்துக்கு ஆரம்பித்தது. நடக்க நடக்கச் சத்தம் பெருத்தது. தையல் கடை தாண்டியதும் காது வலித்தது. வளையத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன், அதற்கு இனி வேலை இல்லை. என் அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன் அவன் கிளம்பிப் போன அதே வாசல்.

ஹெட்போனைக் கழற்றினேன். ஜன்னல் வழியாக, மோர்ஸ் கீயின் சத்தமே கேட்டது. உலோகம் உலோகத்தில் படும் டக் டக். அந்தக் கடைசி இழுப்பு. உள்ளே அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று சத்தியமாக நம்பினேன். 

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தள்ளினேன்.

அண்ணி. அண்ணன் மேஜை முன்னால், கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து. செட்டின் பின்னாலிருந்து ஒரு முழம் கம்பி மட்டும் ஜன்னலில் தொங்கியது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது ஆன்டெனாவை அவிழ்த்துவிட்டார்கள், அந்த மிச்சம். என்னைப் பார்த்ததும் அவர் பதறவில்லை, உதட்டில் விரல் வைத்தார்.

"உட்காருங்க தம்பி. பதில் வர்ற நேரம்."

"என்ன பதில் அண்ணி?"

"அவர்தான். நான் தட்டினா உடனே தட்டறார். மூணு நாளா வரலை, இன்னைக்கு வந்துடும்." முகம் அப்படி மலர்ந்திருந்தது. கல்யாணமான புதுசில்தான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

 சொல்லாமல் ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். கீயை ஒரு தடவை அழுத்தினேன். அவர் காதிலிருந்த ஹெட்போன் கீச்சென்றது.

"அது நான் அண்ணி."

அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இத்தனை நாளா…"

"நான்தான். நான் அண்ணன்னு நினைச்சு உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்."

"நான் அவர்னு நினைச்சு உங்ககிட்ட."

அண்ணி சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்க எனக்குத் தெம்பில்லை. பிறகு அழுதார், நானும்தான்.

வக்கீல் தேதி சொன்ன அன்றே செட்டை அலமாரியிலிருந்து இறக்கியிருக்கிறார். "கூப்பிட்டுப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்னு நாளைக்கு இருக்கக் கூடாது. அதான், ஏழு வருஷம் முடியற நாள் வரைக்கும் கூப்பிடுவோம்னு." மோர்ஸ் எப்படித் தெரியும் என்றேன். "எனக்கு என்ன தெரியும்? பதினாறு வருஷம் சமையலறையில நின்னு கேட்டிருக்கேன். அர்த்தம் தெரியாது. சத்தம் தெரியும்."

லைசென்ஸ் இல்லாமல் தட்டுவது குற்றம் அண்ணி என்றேன். "பிடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அந்த நாலு நாள் கதையைச் சொன்னேன். வேண்டுமென்றே பதில் கொடுக்காமல் இருந்ததை.  "அவருக்குத் தெரியும். 'முறைச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டுதான் இருக்கான்'னு அன்னைக்குக் காலையிலகூடச் சொன்னார்."

ஜனவரி 28

ஆறு பத்து. இரைச்சல் மட்டும். இதுதானே வேண்டும் என்று நினைத்தேன்?

பிப்ரவரி 19, வியாழன்

கையெழுத்துப் போட்டோம். முதலில் அண்ணி, பிறகு நான். வக்கீல் வரியை உரக்கப் படித்தார், எந்தத் தகவலும் இல்லை என்று. ஆமாம் என்றேன், பொய்யில்லை. மருந்துக்கடைக்காரர் வெளியே பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

செட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். கிரிஸ்டலைப் பிடுங்கித் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.

மார்ச் 30

கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டது. இனி அவன் காகிதத்திலும் இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று பத்து மணிக்கு அண்ணிக்குப் பதிவுத் திருமணம். சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது. சும்மா டப்பாவைப் போட்டேன்.

ஆறு பத்து. டா-டிட்-டா-டிட், டா-டா-டிட்-டா. இழுப்பு. கால்சைன்.

முதலில் அலமாரியைத் திறந்தேன். அண்ணன் செட் இருக்கிறது, பேட்டரி இல்லாமல். தீப்பெட்டியைத் திறந்தேன். கிரிஸ்டல் இருக்கிறது. அப்புறம் ஒரு காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டே அண்ணிக்குப் போன் போட்டேன்.

"என்ன தம்பி இவ்வளவு காலையில? தலை பின்னிக்கிட்டு இருக்கேன்." பின்னாடி குழாயில் தண்ணி விழும் சத்தம், யாரோ சீப்பு கேட்கும் சத்தம். மறு காதில் அது பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல அண்ணி. எத்தனை மணிக்கு வரணும்னு கேட்கத்தான்."

"ஒன்பதரைக்கு வந்துடுங்க. சாட்சி நீங்கதானே."

போனை வைத்தேன். சத்தம் மங்கியது. இரைச்சலுக்குள் முழுசாக முங்கிப்போய், போய்விட்டது என்று நினைத்தபோது மெல்ல எழும்பி வந்தது. மறுபடி மங்கியது, மறுபடி எழும்பியது. தடுமாற்றமே இல்லாத கை, தரையோடு வராத சத்தம்.

யார் யாரைக் கேட்டேன் என்று பதியும் லாக் புத்தகத்தை எடுத்தேன். தேதி போட்டேன், நேரம் போட்டேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை, அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அண்ணி தலை பின்னிக்கொண்டிருக்கிறார்.

அது கூப்பிட்டு முடித்துக் காத்திருந்தது. பதிலுக்காக விடும் அந்த இடைவெளி எனக்குத் தெரியும். நாலு நாள் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இந்தத் தரம் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. என் பெயரும் சொல்லவில்லை, எங்கே இருக்கே என்றும் கேட்கவில்லை. கீயை இரண்டு தடவை தொட்டேன். டிட் டிட்.

அது திரும்பச் சொன்னதா தெரியாது. அதற்குள் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். மணி ஏழாகப் போகிறது, சட்டை தேய்க்கணும்.